வாய்ப்பூட்டு

ரெசீஃபேயில் வேன் படியில் தொங்கிக்கொண்டு
நிறுத்தங்களின் பெயரைக் கூவுவது என் பிழைப்பு.
காசா அமரேலா, அஃபோகாடோஸ், போவா வியாஜென்:
ஒரே மூச்சில் மூன்று பேட்டை.
பருவம் தப்பிய மழையில் ஒரு மோட்டார்சைக்கிள்
அந்த மூச்சை நடுவில் அறுத்தது.

கீழ்த்தாடையில் இரண்டு விரிசல்.
மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக்
கம்பி போட்டு முறுக்கிவிட்டு டாக்டர் சொன்னார்:
ஆறு வாரம். ஸ்ட்ரா மட்டும்.
வாந்தி வந்தால் வெட்டிக்கொள்ள
சின்னதாக ஒரு கட்டிங் பிளேயர் தந்தார்.
அது என் கழுத்தில்
அந்தோனியார் பதக்கத்தோடு மோதிக் கிலுங்குகிறது.

மாடியில் ஜோசில்டா.
விடிகாலை ஐந்துக்கு மிக்ஸி போடுகிறவள்.
மூன்று வருடமாகத் துடைப்பக்கட்டையால்
நான் கூரையை இடித்த இடத்தில்
சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு வட்டம்.
எங்கள் பழக்கம் அந்த வட்டத்தளவு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளும் அது இரைந்தது.
நான் துடைப்பத்தைத் தேடவில்லை.
வடிகட்டிய சூப்பில் நாலு நாள் கிடந்தவனுக்கு
அந்த இரைச்சலே வாசனையாக இருந்தது.
நின்றது. மறுபடி இரைந்தது.
பிறகு படியில் செருப்புச் சத்தம்.

“விட்டமினா” என்றாள்.
பழத்தைப் பாலில் அடித்தால் இங்கே அதுதான் பெயர்,
மருந்துக்கடைப் பெயர் மாதிரி.
வெண்ணெய்ப்பழம், சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை.
சுவருக்கு அடிக்கும் பச்சை பெயிண்ட் கணக்காக நின்றது.
உறிஞ்ச உறிஞ்சக் கன்னம் ஒட்டியதே தவிர
ஸ்ட்ராவில் ஏறவில்லை.
அவள் சிரித்தாள்.
நானும் சிரித்தேன், பல்லுக்குப் பின்னாலிருந்து,
கனைத்தது போல வந்தது.
டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்
இன்னும் கொஞ்சம் பால் விட்டு அடித்து வந்தாள்.

பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் காட்டினேன்:
*மரக்குஜா விதை கம்பியில் மாட்டுகிறது.*
விட்டு விட்டு அடி, விதை உடையாது,
பிறகு வடிகட்டு என்று அவளே கண்டுபிடித்தாள்.
ஓட்ஸை ராத்திரியே ஊறப்போட்டாள்.
ஐஸ் போட்டால் பல் கூசியது;
குளிர்ந்த வாழைப்பழம் கூசவில்லை.
பீட்ரூட்டும் ஆரஞ்சும் சட்டையில் சிந்திய அன்று
பார்க்க வந்த என் தங்கை அலறியே விட்டாள்.

எதையும் பாலில் போட்டாள், மாம்பழத்தைத் தவிர.
மாம்பழமும் பாலும் சேர்ந்தால் சாவு:
எழுத்துக்கூட்டும் முன்னே எங்களுக்குத் தெரிந்த பாடம்.

ஐந்தாவது வாரம், சனிக்கிழமை.
முற்றத்து மரம் ராவெல்லாம் பழமாகக் கொட்டியிருந்தது.
வேறு பழமில்லை. பால் இருந்தது.
*சேர்த்துப் போடு* என்று எழுதினேன்.
சிலுவை போட்டுக்கொண்டாள்.
“என் பெரியப்பா அப்படித்தான் போனார்.”
*அவர் குடித்தது பாலா, சாராயமா?*
யோசித்தாள்.
“இரண்டும்” என்றாள்.

இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள்.
நீ மட்டும் செத்தால்
போலீசுக்கு நான் என்ன சொல்ல, என்றாள்.
மாடிப்படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு
காத்திருந்தோம்.
ஒன்பது ஆனது. பத்தரை.
சாவு வரத் தாமதமானதால் பேசிக்கொண்டிருந்தாள்:
ஆறு மணிக்குத் துப்புரவு வேலைக்குக் கிளம்ப வேண்டும்,
மத்தியானம் இரண்டுவரை அந்த ஒரு பாட்டில்தான் சோறு,
போவது
என் வேனில்தானாம்.
அஃபோகாடோஸை மட்டும் எப்போதும்
நிறுத்தம் தாண்டிய பிறகு கூவுகிறேனாம்.
மூன்று வருடம் அவளிடம் சில்லறை வாங்கியிருக்கிறேன்.
இந்த முகத்தைப் பார்த்த ஞாபகமில்லை.
நோட்டை எடுத்தேன். எழுத ஒன்றும் வரவில்லை.
அவள் உதட்டுக்கு மேல் மஞ்சள் மீசை காய்ந்துகொண்டிருந்தது.

கம்பி எடுத்த அன்று மாட்டிறைச்சி வாங்கினேன்.
தாடை ஒரு விரல்தான் திறந்தது.
நாலு மெல்லில் களைத்து
மிச்சத்தைப் பூனைக்குப் போட்டேன்.

ஐந்து மணி. மேலே இரைகிறது.
துடைப்பக்கட்டையோடு வட்டத்தின் கீழே நிற்கிறேன்.
எனக்கும் ஒரு டம்ளர் என்பதற்கு
எத்தனை தடவை இடிக்க வேண்டும் என்று
நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.